24 எலுமிச்சம்பழம்

மும்பை தாராவி, 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அண்ணாச்சியின் மளிகைக் கடை. 2022 டிசம்பர் 27, ராத்திரி ஒன்பதரை மணி. கடை வாசலில் அரிசி மூட்டைகள் மேல் பளபளவென்று ஒரு கார் கவர் போர்த்தியிருக்கிறது. கார் இல்லை. அண்ணாச்சியிடம் அந்தக் காருக்குப் பணம் வாங்கிய ஷோரூம் முத்து அதே சந்தில், கோலி என்று சொல்லும் ஒற்றை அறையில், மாடியில்தான் குடியிருக்கிறான். அந்தப் பாவத்துக்கு, பதினாலு மாதமாகப் பின்பக்கமாகச் சுற்றித்தான் வீடு போய்ச் சேருவான். இன்றைக்கு நேராகக் கடைக்கே வருகிறான்.

அண்ணாச்சி: யாரு, முத்துவா? என்னல, பின் சந்துல குழி கிழி தோண்டிப் போட்டுட்டானா? இந்தப் பக்கமா வார?

முத்து: அரை லிட்டர் பால் குடுங்க அண்ணாச்சி.

அண்ணாச்சி: பால் இருக்கு. ஐநூறு ரூவா நோட்ட நீட்டாத. பெட்டிச் சாவி எங்கம்மை இடுப்புல இருக்கு. அவ மேல சாப்புட்டுக்கிட்டு இருக்கா.

முத்து: கணக்குல எழுதிக்கிடுங்க. அண்ணாச்சி, ஒரு விசயம். வண்டி வந்துட்டு.

அண்ணாச்சி: யாரு வண்டி?

முத்து: உங்க வண்டிதான்.

அண்ணாச்சி: வந்துட்டுன்னா, எதுவரைக்கும் வந்துட்டு? தீவாளிக்கு முந்தி லாரில ஏறிட்டுன்ன. ஏறுன லாரி எந்த மலையில ஏறுச்சோ, இன்னும் எறங்கல.

முத்து: இது நிசம் அண்ணாச்சி. பிவண்டி யார்டுல நிக்குது. சேசிஸ் நம்பர் உங்க பேருக்கு அலாட் ஆயிட்டு. நானே கைய வச்சுத் தடவிப் பாத்துட்டு வாரேன்.

அண்ணாச்சி: அப்டியா? அந்தப் பரணிய இங்க தள்ளு. இது என்னன்னு தெரியுதா?

முத்து: எலுமிச்சங்கா ஊறுகா.

அண்ணாச்சி: இல்ல. இதுல இருக்கது பூரா உன் வாக்கு. தைப்பொங்கலுக்கு வண்டின்ன, டயருக்கு வைக்க நாலு பழம் எடுத்து வச்சேன். மராட்டிக்காரங்க வருசப் பொறப்பு, குடி பாட்வாவுக்குன்ன, இன்னொரு நாலு. அந்த ஏப்ரல்ல எலுமிச்சம்பழம் என்ன வெல வித்துதுன்னு ஞாபகம் இருக்கா? ஒத்தப் பழம் பத்து ரூவாய்க்கு மேல. சர்பத்துக்குக் கேட்டு வந்தவனத் திருப்பி அனுப்பிட்டு உன் டயருக்கு ஒதுக்கி வச்சேம்ல நான்! பொறவு அட்சய திருதியை, பிள்ளையார் சதுர்த்தி, விஜயதசமி, தீவாளி. ஆறு நாலு இருவத்தி நாலு. அத்தனையும் வெட்டி உப்புப் போட்டுட்டா எங்கம்மை. மோருஞ்சோத்துக்குத் தொட்டுக்கிடும்போதெல்லாம் உன் மூஞ்சிதான் தெரியுது.

(பரணியைத் திறந்து காட்டுகிறார். நல்லாத்தான் ஊறியிருக்கிறது. பொங்கல் பழம் கறுத்து மெழுகாகிவிட்டது, தீபாவளிப் பழம் இன்னும் மஞ்சளாக மேலே மிதக்கிறது.)

முத்து: நான் என்ன செய்ய அண்ணாச்சி? எலக்ட்ரானிக் சிப்பு இல்ல.

அண்ணாச்சி: சீப்ப ஒளிச்சு வச்சா கல்யாணம் நின்னுருமான்னு எங்க பாட்டி கேப்பா. இப்ப இருந்தான்னா அவளுக்குக் காட்டுவேன். ஒரு பொட்டுச் சிப்ப எவனோ எங்கயோ ஒளிச்சு வச்சான், இங்கன கல்யாணமே நின்னு போச்சு.

முத்து: ஒளிச்செல்லாம் வைக்கல. ஒரு வண்டிக்குள்ள ஆயிரம் சிப்பு வரைக்கும் கெடக்கும். கண்ணாடி ஏத்தி எறக்க ஒண்ணு, ஏர்பேக்குக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு. 999 வந்து ஒண்ணு வரலன்னாலும் வண்டி வெளிய போவாது. அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனிக்காரன், முடியாத லாரிகளக் கொண்டுபோய் ரேஸ் ஓடுத மைதானத்துல நிறுத்தி வச்சிருந்தான்.

அண்ணாச்சி: ஓடாத வண்டிக்கு ரேஸ் மைதானம். நல்ல எடம்தான். சரி, ஏன் இல்ல அந்தச் சிப்பு? பதினாலு மாசமாக் கேக்கேன், ஒழுங்கா ஒரு பதில் வந்துருக்கா உன் வாயில இருந்து?

முத்து: அண்ணாச்சி, 2020ல லாக்டவுன் போட்டான்லா. அப்போ நீங்க உடன்குடிக்குப் போன் போட்டு, கருப்பட்டி அனுப்பாதன்னு சொன்னீங்களா இல்லியா?

அண்ணாச்சி: சொன்னேன். பாதி சனம் ரயிலப் புடிச்சு ஊருக்குப் போயிட்டு. கருப்பட்டிய வாங்கி நான் ஒத்தையில உக்காந்து நக்கவா?

முத்து: அந்த ஏவாரி என்ன செஞ்சான்?

அண்ணாச்சி: வேற கடைக்குத் தள்ளிட்டான். நாலு மாசங்கழிச்சு நான் கேட்டா, 'அண்ணாச்சி, உங்களுக்கு முந்தி ஆறு பேரு நிக்காங்க'ங்கான். முப்பது வருசமா வாங்குத எங்கிட்ட!

முத்து: அதேதான் அண்ணாச்சி. கார் கம்பெனிக்காரன் வேவாரம் படுத்துட்டேன்னு சிப்பு ஆர்டர கேன்சல் பண்ணுனான். சிப்பு செய்யுதவன் சும்மா இருப்பானா? வீட்டுல அடஞ்சு கெடந்த சனம் பூரா லேப்டாப்பு, போனு, டிவின்னு வாங்குது, மிஷின அந்தப் பக்கம் திருப்பிட்டான். பாத்தா, கார் வேவாரம் நெனச்சதுக்கு முந்தியே சூடு புடிச்சுட்டு. இவன் ஓடிப்போய்க் கேட்டா வரிசையில கடைசி எடம். ஒரு சிப்பு செஞ்சு வெளிய வரவே மூணு மாசத்துக்கு மேல ஆவும்.

அண்ணாச்சி: ரெண்டு மிஷின் கூடுதலா வாங்கிப் போட்டா முடிஞ்சுதுல்லா?

முத்து: கார்ல போடுததுல முக்காவாசி பழைய மாடல் சிப்பு. வெல கொறச்சல், மார்ஜின் கெடையாது. நீங்க தீப்பெட்டி விக்கதுக்குன்னு தனியா ஒரு குடோன் எடுப்பீங்களா?

அண்ணாச்சி: (கொஞ்ச நேரம் யோசித்து) எடுக்க மாட்டேன்.

முத்து: அவனும் எடுக்கல.

அண்ணாச்சி: இத மொத நாளே இப்டிச் சொல்லிருந்தா நான் எதுக்குல உன்னத் தொரத்தப் போறேன்? கருப்பட்டின்னா எனக்குப் புரியாதா? நீ என்னடான்னா மாசத்துக்கு ஒரு நாட்டக் காட்டுன. மொதல்ல சூயஸ் கால்வாயில கப்பல் குறுக்க மாட்டிக்கிட்டுன்ன.

முத்து: மாட்டுனது உண்மதான். நானூறு மீட்டர் கப்பல்.

அண்ணாச்சி: நானும் நம்புனேன். இந்தச் சந்துல ஒரு டெம்போ குறுக்க நின்னாலே தண்ணி கேன் உள்ள வராது, கடல்ல நின்னா பாவம் இவன் என்ன செய்வான்னு எங்கம்மைகிட்டயும் எடுத்துச் சொன்னேன். அப்புறம் எம் மவன் போன்ல பாத்துட்டுச் சொல்லுதான். கப்பல் மாட்டுனது 2021 மார்ச்சு. ஆறே நாள்ல இழுத்து விட்டுட்டானாம். நான் உங்கிட்ட பணம் கட்டுனது அக்டோபர் 15, விஜயதசமி. நான் கட்டுததுக்கு முந்தியே கெளம்பிப் போன கப்பல எதுக்குல என் தலையில கட்டுன?

முத்து: அது வந்து... மேனேஜர் எங்க எல்லாருக்கும் ஒரு லிஸ்ட்டு குடுத்துருந்தாரு. பழைய லிஸ்ட்டு போல.

அண்ணாச்சி: ஜப்பான்ல சிப்பு ஃபேக்டரில தீப்புடிச்சதும் அதே மார்ச்சுதான்.

முத்து: அதுவும் அந்த லிஸ்ட்டுதான். ஆனா உக்ரைன் புதுசு அண்ணாச்சி.

அண்ணாச்சி: உக்ரைன்ல இருந்து சூரியகாந்தி எண்ணெய் வரணும். அது எனக்கே தெரியும், டின்னு வெல எகிறுனதுல நான் பட்டது எனக்குத்தான் தெரியும். காருக்கு அங்கன இருந்து என்ன வரணும்?

முத்து: நியான் வாயு. சிப்பு செய்யுத லேசருக்கு அது வேணும். உலகத்துக்குத் தேவையானதுல பாதி போல அங்கன இருந்துதான் போச்சு.

அண்ணாச்சி: நியான்னா? பார் வாசல்ல சிவப்பா எரியுமே, அந்தக் குழாயா?

முத்து: அதுக்குள்ள இருக்கதுதான்.

அண்ணாச்சி: சொல்லிருந்தா நாலு பழைய போர்டக் கழட்டிக் குடுத்துருப்பேன்லல!

முத்து: பொறவு சீனாவுல சாங்காய் ஊரையே ரெண்டு மாசம் பூட்டிப் போட்டான்.

அண்ணாச்சி: அத விடு, பூட்டுனா என்ன கஷ்டம்னு நமக்குத் தெரியும். என் கஷ்டத்தக் கேளு. லோன் லெட்டரு ரெண்டு தடவ காலாவதி ஆயிட்டு. நான் புக் பண்ணும்போது ரிசர்வ் பேங்க் மத்த பேங்குக்குக் கடன் குடுக்குத ரெப்போ வட்டி 4 சதவீதம். மே மாசம் ஏத்த ஆரம்பிச்சான், இந்த மாசம் 6.25ல நிக்குது. காரு நின்ன எடத்துலயே நிக்குது, வட்டி மட்டும் டாப் கியர்ல போவுது. சயான்ல பார்க்கிங்குக்கு மாசா மாசம் வாடக குடுக்கேன். அந்த எடத்துல ஒருத்தன் தள்ளுவண்டி போட்டு பேல்பூரி விக்கான். கேட்டா, 'சேட், காடி ஆயேகா தோ ஹட்டாயேகா'ங்கான், வண்டி வந்தா எடுத்துருவானாம். எனக்கே தட்டுக்கு அஞ்சு ரூவா கொறைக்க மாட்டேங்கான்.

முத்து: கவரு மட்டும் உபயோகத்துல இருக்கு போல.

அண்ணாச்சி: சிரிக்காத. இந்த வருச மழைக்கு மூட்ட நனையாமக் காப்பாத்துனது அந்தக் கவருதான். மச்சினன் வேற, சயான் கோலிவாடாவுல இருந்து வாரத்துக்கு ஒரு தடவ வந்து, 'அத்தான், வண்டிய எங்க நிறுத்திருக்கீக, கண்ணுல படலியே'ன்னு கேட்டுட்டு, ஓசில ரெண்டு வெத்தல போட்டுட்டுப் போறான்.

முத்து: எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? டெலிவரி குடுத்தாத்தான் இன்சென்டிவ். புக்கிங்குக்கு ஒரு பைசா கெடையாது. நூறு பேருகிட்ட திட்டு வாங்கினா மூணு பேருக்கு வண்டி வருது. தெரியாத நம்பர்னாலே கை நடுங்குது. அன்னைக்கு எங்க சித்தப்பா புது நம்பர்ல கூப்புட்டாரு, எடுத்தவுடனே 'மன்னிச்சுக்கிடுங்க சார், அடுத்த மாசம் கண்டிப்பா வந்துரும்'னுட்டேன். அவரு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்கக் கூப்புட்டிருந்தாரு.

அண்ணாச்சி: சரி சரி, அழாத. ஒரு கடல மிட்டாய் எடுத்துக்கோ. வண்டிய எப்ப எடுக்கணும்?

முத்து: வெள்ளிக்கெழம. 31க்குள்ள பில்லு போட்டாவணும்.

அண்ணாச்சி: வெள்ளிக்கெழம... (காலண்டரைப் பார்க்கிறார்) லேய்! மார்கழில்லா இது! இன்னைக்கு மார்கழி பன்னெண்டு. மார்கழில எவனாவது புது வண்டி எடுப்பானா? பீட மாசம், எங்கம்மை என்னைய வீட்டுக்குள்ளயே விட மாட்டா. தை ஒண்ணு, ஜனவரி 15 எடுத்துக்கிடுதேன்.

முத்து: அண்ணாச்சி, ஜனவரில வெல ஏறும். வருசா வருசம் ஏத்துததுதான். பில்லு போடுத அன்னைக்கு என்ன வெலயோ அதுதான் கணக்கு. புக்கிங் ரசீதுல பின்னால பொடி எழுத்துல போட்டுருக்கும்.

அண்ணாச்சி: அந்த எழுத்தப் படிக்க எறும்பாலதான் முடியும்.

முத்து: அது போக, வண்டி 2022 தயாரிப்பு. ஜனவரில எடுத்தாலும் பேப்பர்ல 2022ன்னுதான் இருக்கும். நாளைக்கு விக்கப் போனா, ஒரு வருசப் பழசுன்னு வெலயக் கொறைப்பான்.

அண்ணாச்சி: ஒரு நாளு கூட ஓடாத வண்டிக்கு ஒரு வயசா? பதினாலு மாசம் அதுக்காக நான் நின்னேன். எனக்காக அது ஒரு பத்தொம்பது நாளு நிக்கக் கூடாதா? உங்க மேனேஜர்கிட்ட ஏதாவது காரணம் சொல்லுல.

முத்து: என்னன்னு சொல்ல?

அண்ணாச்சி: சூயஸ் கால்வாயில எங்கம்மை குறுக்க நிக்கான்னு சொல்லு. ஆறு நாள்ல எடுக்க இது கப்பல் இல்ல, எழுவத்தஞ்சு வருசமா நிக்கான்னு சொல்லு.

முத்து: வெளாடாதீங்க அண்ணாச்சி. வேண்டாம்னா வண்டி அடுத்த ஆளுக்குப் போயிரும். நீங்க மறுபடி வரிசையில. இன்னொண்ணும் சொல்லிருதேன். சாவி இப்ப ஒண்ணுதான் தருவாங்க. ரெண்டாவது அப்புறமா வரும்.

அண்ணாச்சி: சாவிலயுமா சிப்பு?

முத்து: ஆமா. ஜப்பான்ல டொயோட்டாவே இந்த அக்டோபர்ல அப்டித்தான் சொன்னான். ரெண்டு ஸ்மார்ட் சாவி தர முடியல, ஒண்ணு ஸ்மார்ட்டு, ஒண்ணு சாதான்னு.

அண்ணாச்சி: நம்ம சால்ல, இந்த வரிசை வீட்டுல, பொதுக் கக்கூஸுக்கே வீட்டுக்கு ஒரு சாவி இருக்குல. அவ்வளவு லெச்சம் குடுத்து வாங்குத காருக்கு ஒண்ணா? வேண்டாம்ப்பா, தைக்கே எடுத்துக்கிடுதேன். அந்த அடுத்த ஆளு கொண்டு போவட்டும். யாருல அவன்? மார்கழில வண்டி எடுக்கவன்?

முத்து: அத வெளிய சொல்லக் கூடாது அண்ணாச்சி. கம்பெனி ரூல்.

அண்ணாச்சி: பால கீழ வை.

முத்து: அண்ணாச்சி...

அண்ணாச்சி: கடல மிட்டாயயும் கீழ வை.

முத்து: உங்க மச்சினன்தான். ஆடிக்கு முந்தி புக் பண்ணுனாரு. அதே வெள்ள, அதே டாப் மாடல்.

(அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. தராசுத் தட்டில் இருந்த சீரகத்தை அப்படியே விட்டுவிட்டு, மரப்படியில் தடதடவென்று மேலே போகிறார். மேலிருந்து ஒரு கிழவியின் குரல், ஒரு பாத்திரம் உருளும் சத்தம், மறுபடி குரல். முத்து மிட்டாயை வேகமாகத் தின்று முடிக்கிறான். அண்ணாச்சி இறங்கி வருகிறார்.)

அண்ணாச்சி: வெள்ளிக்கெழம பத்தரைல இருந்து பன்னெண்டு ராவு காலம். பன்னெண்டே காலுக்கு எடுத்துரலாம்.

முத்து: ஆச்சி சம்மதிச்சுட்டாங்களா? மார்கழி பீட மாசம்னு...

அண்ணாச்சி: யாரு சொன்னா? பீட மாசம் இல்லியாம், பீடு மாசமாம். பெருமையான மாசம்னு அர்த்தமாம், சனம்தான் வாய்க்கு வந்தபடி மாத்திட்டாம். மாசங்கள்ல நான் மார்கழின்னு கிருஷ்ண பரமாத்மாவே சொல்லிருக்காருல, அதுக்கு மேல உனக்கு நல்ல மாசம் எவன் தருவான்னு என்னையத் திட்டுதா.

முத்து: மச்சினன் விசயம்?

அண்ணாச்சி: அதத்தான் மொதல்ல சொன்னேன். 'மருமவ தம்பி என் வாசல்ல வந்து ஆரன் அடிக்கணுமா'ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. அதுக்கு அப்புறந்தான் கிருஷ்ணர் வந்தாரு.

முத்து: அப்ப எலுமிச்சம்பழம் நாலு எடுத்து வச்சிருங்க.

அண்ணாச்சி: பழத்தத் தொட மாட்டேன். மொதல்ல வண்டி இந்தச் சந்து மொனைக்கு வரட்டும். வந்தா, இந்தப் பரணில இருந்து நாலு துண்டு எடுத்து டயருக்கு வச்சுக்கிடலாம். அதுக்குன்னு வாங்குனதுதான.

முத்து: சாவி ஒண்ணுதான்னு சொன்னேன்லா, அதையும் ஆச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?

அண்ணாச்சி: சொல்லிட்டேன். எங்கிட்ட இருக்கட்டும்னுட்டா.

முத்து: ஆச்சிக்குக் கார் ஓட்டத் தெரியுமா?

அண்ணாச்சி: இந்தப் பெட்டில அவ எந்தக் கணக்க எழுதுனா? நாப்பது வருசமா சாவி அவ இடுப்புலதான. பால எடுத்துக்கிட்டுப் போ. நேர் வழியாவே போ.