ஏரி உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் இல்லை

அந்த ரீல்ஸைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் நம் மீன் வளர்ப்புக் குழுவிலேயே ஒருவர் அதைக் கைகூப்பும் எமோஜியோடு பகிர்ந்து, வருடக்கணக்காகத் தொட்டி வைத்திருக்கிற நண்பர்களே வரிசையில் நின்று இதயம் போட்டதைப் பார்த்த பிறகு முடியவில்லை. நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நழுவிவிடலாம்.

எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நீல பக்கெட், பின்னணியில் புல்லாங்குழல், ஸ்லோ மோஷன். ஒன்றரை அடிக்கு வளர்ந்த சக்கர் மீன், அதாவது நம் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்களே, அது. “இத்தனை நாள் கண்ணாடிக்குள்ள அடைச்சு வெச்சிட்டோம், இனிமே நீ ஃப்ரீ டா செல்லம்” என்று சொல்லி ஏரியில் கவிழ்த்தாயிற்று. கருத்துப் பகுதியில் ‘மனிதம் வாழ்கிறது’ என்று கண்ணீர் மழை. அங்கே நான் ரொம்ப மரியாதையாக, “அண்ணா, இது தென்னமெரிக்க மீன், நம்ம ஏரியில விடக் கூடாது, முடிஞ்சா திரும்பப் பிடிச்சிடுங்க” என்று எழுதினேன். வந்த பதில்: “வந்துட்டாருய்யா மீன் போலீஸ்.” அதற்கு நம் குழு ஆட்களே சிரிப்பு எமோஜி.

சரி, போலீஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர் எழுதுகிறேன், வாசியுங்கள்.

தொட்டியில் வளர்த்த மீனை ஏரியில் விடாதீர்கள். எந்த மீனாக இருந்தாலும் சரி. ஏரியோ, குளமோ, கோயில் தெப்பமோ, வாய்க்காலோ, எங்கேயும் விடாதீர்கள். இந்தப் பதிவில் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். மிச்சமெல்லாம் ஆதங்கம்.

முதலில் அது என்ன மீன் என்று பார்ப்போம். இந்தச் சக்கர் மீனைப் ‘பிளெக்கோ’ என்றால் போதும் என்று நினைக்கிறோம். கடைக்காரர் ஹைபோஸ்டோமஸ் பிளெக்கோஸ்டோமஸ் என்று முழுப்பெயர் சொன்னால் நமக்குப் புல்லரித்துவிடுகிறது. இங்கே விற்பது பெரும்பாலும் அது இல்லவே இல்லை. டெரிகோப்லிக்திஸ் என்கிற வேறு பேரினம். கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முதுகுத் துடுப்பை விரிக்கும்போது ஒரு போட்டோ எடுங்கள். முன்னால் இருக்கிற முள்ளை விட்டுவிட்டு மெல்லிய கதிர்களை எண்ணுங்கள். ஏழு இருந்தால் ஹைபோஸ்டோமஸ். பத்து, அதற்கு மேல் போனால் டெரிகோப்லிக்திஸ். அப்புறம் வயிற்றைப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகளா, இல்லை புழு நெளிந்த மாதிரி கோடுகளா? புள்ளி என்றால் பர்டாலிஸ், நெளிகோடு என்றால் டிஸ்ஜங்டிவஸ் என்று பொதுவாக இனம் பிரிப்பார்கள். இரண்டும் கலந்து பிறந்தவை ஏராளம் என்பதால் அதற்கு மேல் சத்தியம் செய்ய முடியாது. எதுவானாலும் ஒன்றரை அடி வரை வளரும். பத்துப் பதினைந்து வருடம் வாழும். மூன்று அங்குலத்தில் முப்பது நாற்பது ரூபாய்க்கு, பாசி தின்னும் வேலைக்காரன் என்று நினைத்து வாங்கிக்கொண்டு வருகிறோம். வளர்ந்த பிறகு அது தின்கிற பாசியை விட அது போடுகிற கழிவுதான் அதிகம் என்பது அடியில் சைஃபன் குழாய் வைத்துக் கழிவை உறிஞ்சி எடுத்தவனுக்குத் தெரியும்.

அழகில்லாத மீன் என்று நான் சொல்லவே மாட்டேன். என்னிடம் யாரோ கைவிட்ட ஒன்று இருக்கிறது, ஆறடித் தொட்டியில். ராத்திரி விளக்கைப் போட்டு அதன் கண்ணைப் பாருங்கள். கண்மணியின் மேலிருந்து ஒரு சின்ன மடல் மெதுவாக இறங்கி, வட்டமாக இருந்த கறுப்பை லாட வடிவமாக ஆக்கிவிடும். வெளிச்சம் குறைந்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். இதை நான் பல ராத்திரி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆகவே ‘உனக்கு மீன் மேல பாசம் இல்லை’ என்று தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். பாசம் இருப்பதால்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஏரிக்குப் போவோம். இந்த மீனுக்குக் காற்றை விழுங்கி வயிறு வழியாகச் சுவாசிக்கத் தெரியும். ஆக்சிஜன் இல்லாத சாக்கடைத் தண்ணீரில் நம் கெண்டைகள் தடுமாறும்போது இது சாவகாசமாக இருக்கும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு. விழுங்கப் பார்க்கிற பறவைக்கும் பெரிய மீனுக்கும் தொண்டையில் முள் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஆண் மீன் கரையில் வளை தோண்டும். அந்த வளைக்குள் பெண் நூற்றுக்கணக்கில் முட்டை இடும், ஆண் வாசலில் காவல் இருக்கும். நம் ஏரிகளின் கரை எதனால் ஆனது? மண். நூற்றாண்டுகளாகக் குடிமராமத்து செய்து காத்த மண் கரை. அதைத் துளைக்கத்தான் புல்லாங்குழல் வாசித்து ஆள் அனுப்புகிறோம். மெக்சிகோ, ஃபுளோரிடா, பிலிப்பைன்ஸ், வங்கதேசம் என்று இந்த மீன் பரவிய இடங்களின் பட்டியல் ரொம்ப நீளம். நம் நாட்டில் கங்கை வரைக்கும் போய்விட்டது. ஆந்திரா, தெலங்கானா மீனவர்கள் இதை ‘டெவில் ஃபிஷ்’ என்கிறார்கள். எல்லாம் தொட்டியிலும் பண்ணையிலும் இருந்து போனவைதான். நீந்தி வந்தா சேர்ந்தது அமேசானிலிருந்து?

எங்கள் அம்மா ஊர் சிவகங்கைப் பக்கம். கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டு வீசினதும் ஊரே ஊத்தாவோடு, அதாவது அடி திறந்த மீன்பிடிக் கூடையோடு, இறங்கும். ஊத்தாவைச் சேற்றில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். சின்ன வயதில் அப்படித் துழாவியபோது கெளுத்தி முள் ஏறி நான் அழுத அழுகை இன்னமும் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பேசப்படுகிறது. பெரியம்மா சுடச்சுட ஒத்தடம் வைத்துக்கொண்டே, “கெளுத்தி குத்துச்சுன்னா கண்மாய் நல்லாருக்குன்னு அர்த்தம்டா” என்றார். கடைசியாகப் போனபோது மாமா ஊத்தாவிலிருந்து எடுத்தது கெளுத்தி இல்லை. சக்கர் மீன். அவருடைய உள்ளங்கை முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல் சிராய்ப்பு. “இதென்னடா பல்லி மாதிரி” என்று கரையில் தூக்கி எறிந்தார். எறிந்தது எறிந்தபடி வெகுநேரம் உயிரோடு கிடந்தது. பையன்கள் குச்சியால் குத்தினார்கள். விடுதலை பெற்ற செல்லங்களின் கதி, ரீல்ஸ் முடிந்த பிறகு, இப்படித்தான் இருக்கும்.

இனி, வரப்போகிற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

“ஒரே ஒரு மீன்தானே சார், ஜோடி இல்லாம என்ன பண்ணும்?” இதே ஏரியில் இதே யோசனையோடு இன்னொருவர் பக்கெட்டோடு வந்திருக்க மாட்டார் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? ரீல்ஸ் பார்த்து நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். உங்கள் இதயத்துக்கு அந்தப் பலன் உண்டு.

“ஏரியில சாக்கடை விடுறான், குப்பை கொட்டுறான், பிளாட் போடுறான், அவனை எல்லாம் கேக்க மாட்டீங்க.” உண்மைதான். சாக்கடையும் ஆக்கிரமிப்பும் இந்த மீனை விடப் பெரிய கேடு. ஒப்புக்கொள்கிறேன். அடுத்து.

“அரசாங்கமே திலாப்பியா விட்டுச்சே.” ஆமாம், ஜிலேபிக் கெண்டை 1952-ல் இங்கே கொண்டுவரப்பட்டதுதான். இன்றைக்கு எந்தக் குளத்தில் தூண்டில் போட்டாலும் அதுதான். பாதிப் பேர் அதை நாட்டு மீன் என்றே நம்புகிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி கதையும் தெரியும். மத்திய அரசு 2000-லேயே தடை போட்டும் இன்னும் பண்ணைக் குட்டைகளை ஜேசிபி வைத்து மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மீன் உள்ளே போனால் வெளியே எடுக்கவே முடியாது என்பதற்கு நான் தேட வேண்டிய உதாரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். நன்றி.

“அப்ப என்னதான் பண்றது, கொல்லச் சொல்றீங்களா?” இந்தக் கேள்வியில்தான் என்னை ராட்சசன் ஆக்குவீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். குழுவில் ஒரு பதிவு போடுங்கள், ஆள் கிடைக்கும் வரை வைத்திருங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. தண்ணீரில் சரியான அளவு கலந்தால் மீன் மயங்கி, அப்படியே அடங்கிவிடும். ஆமாம், சொல்லிவிட்டேன். அமேசான் கரையில் இதே மீனை ஓட்டோடு தீயில் வாட்டிச் சாப்பிடுகிறார்கள்; அங்கே யாருக்கும் மனிதம் செத்துவிடவில்லை. உங்கள் கையில் ஒரு மீன் சாவதைப் பார்க்க மனசு வரவில்லை, ஏரிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஆயிரம் மீன் போனால் பரவாயில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதற்கு இதை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊர்ச் சொத்தான ஏரியில் உங்கள் புண்ணியம்.

“கொளத்தூர்க்காரங்க பொழப்பைக் கெடுக்காதீங்க.” நான் கொளத்தூரை எப்போது குறை சொன்னேன்? சென்னையில் வண்ண மீனுக்குப் பேர்போன இடம் அது. அங்கே குடும்பம் குடும்பமாக சிமெண்ட் தொட்டி கட்டி, தண்ணீர் மாற்றி, குஞ்சு பொரித்துப் பிழைக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் சொல்லிக் கொடுத்தது. நான் கேட்பது, விலை எழுதுகிற அட்டையில் வளர்ந்த பின் எத்தனை அடி என்றும் எழுதுங்கள் என்பதுதான். ரெட்டெயில் கேட்ஃபிஷ் குட்டியை இரண்டடித் தொட்டிக்காரருக்கு விற்கிறார்கள். அது ஒரு மீட்டரைத் தாண்டும். ஒரு கடையில் இதைச் சொன்னதற்கு, “தொட்டி சைஸுக்குத் தக்கதான் சார் வளரும்” என்று எனக்கே பாடம் எடுத்தார் ஒருவர். வளராது, குன்றி நோயில் விழும், அவ்வளவுதான். ‘ஷார்க்’ என்று பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குவதும் கெளுத்தி இனம்தான், பங்காசியஸ். நாலடி வரை போகும். அது மேகாங் ஆற்று மீன். பண்ணைகளில் மலிந்து கிடக்கிறது, சொந்த ஆற்றில் அருகி, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்-இன் பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனமாக இருக்கிறது. அதையும் ஒரு நாள் ஏதோ ஒரு பக்கெட் ஏரிக்குக் கொண்டுபோகும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எனக்கு உண்மையில் வலிப்பது வேறு.

போன மாதம் என் நாட்டுக் கெளுத்தித் தொட்டியைப் பற்றி இதே குழுவில் எழுதினேன். மிஸ்டஸ் விட்டேட்டஸ். பக்கவாட்டில் ஓடும் கோடுகள், செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, நாலு ஜோடி மீசை. அதன் கொழுப்புத் துடுப்பு, அதாவது முதுகில் பின்பக்கம் இருக்கிற சதைத் துடுப்பு, சின்னதாக, முதுகுத் துடுப்பிலிருந்து தள்ளி நிற்கும். இதே பேரினத்து கவாசியஸ் என்றால் அது முதுகுத் துடுப்பை ஒட்டியே தொடங்கி நீளமாக ஓடும். கையில் எடுத்தால் தோள் முள்ளைத் தேய்த்து கீச் கீச் என்று சத்தம் போடும். எல்லாம் படத்தோடு போட்டேன். வந்த பின்னூட்டங்கள் இரண்டு வகை. ‘புளி ஊத்திக் குழம்பு வெச்சா செமையா இருக்கும் ப்ரோ’. ‘லோக்கல் மீனை எல்லாம் ஏன் ப்ரோ’. அதே ஆட்கள் ஜீப்ரா பிளெக்கோ படத்துக்கு ‘கனவு மீன்’ என்று உருகுகிறார்கள். பிரேசிலில் ஷிங்கு ஆற்றில் மட்டும் இருக்கிற மீன் அது. பெலோ மோன்ச்சி அணையால் அந்த ஆற்றின் ஓட்டமே மாறிப்போனது. பிரேசில் ஏற்றுமதியைத் தடுத்தும் கடத்தல் நிற்கவில்லை. 2022-ல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குப் போயிற்று. காசு கொடுத்து வாங்கும் முன் இது யார் தொட்டியில் பிறந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

காவிரிப் படுகையில் மட்டும் இருக்கிற ஹெமிபாக்ரஸ் பங்டேட்டஸ் என்று ஒரு கெளுத்தி உண்டு. மிக அபாயகரமான நிலையில் இருப்பதாக ஐ.யு.சி.என் சொல்கிறது. நம் குழுவில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கேரளத்தில் நிலத்தடி நீரில் கண்ணே இல்லாத, விரல் நீளம் கூட இல்லாத கெளுத்திகள் இருக்கின்றன. முதல் இனம் 1950-ல் பெயர் பெற்றது. 2012-ல் ஒன்றுக்கு நம் அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள். 2023-ல் விவரிக்கப்பட்டதற்கு ‘பாப்புலி’, லத்தீனில் ‘மக்களுடைய’ என்று பொருள். காரணம், கிணற்றிலும் தொட்டியிலும் குழாயிலும் சிவப்பாக ஏதோ நெளிகிறதே என்று பார்த்த சாதாரண மனிதர்கள் ஆய்வாளர்களுக்குத் தகவல் சொன்னார்கள். வீட்டம்மாக்கள் செய்ததை, மாதம் ஆயிரக்கணக்கில் ஃபில்டருக்குச் செலவு செய்கிற நம்மால் செய்ய முடியாதா? இந்தச் செய்தியை நான் பகிர்ந்தபோது முதல் கேள்வி என்ன தெரியுமா? “எங்க கிடைக்கும் ப்ரோ, ஜோடி என்ன ரேட்?”

நாளைக்கு ஏதாவது சட்டம் வந்து பொழுதுபோக்கையே முடக்கினால் ‘அரசாங்கம் அராஜகம்’ என்று முதலில் அழப்போவதும் இதே குழுதான். அன்றைக்கு நான் என்ன சொல்வேன் என்று இப்போதே தெரியும், அதனால் இப்போது சொல்லவில்லை.

நண்பர்கள் சிலர் இன்பாக்ஸில், ‘விடுங்க தலைவா, அவர் நல்ல எண்ணத்துலதான் செஞ்சார்’ என்கிறார்கள். இருக்கட்டும். நல்ல எண்ணம் உள்ளவர் அந்த வீடியோவை எடுத்துவிடலாமே. எடுக்கவில்லை. நேற்று ‘பார்ட் 2 வேணுமா மக்களே’ என்று ஸ்டோரி போட்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு வேலை. பிளெக்கோக்களில் சின்ன வகையான என் பிரிசில்நோஸ் ஜோடி மரக்கட்டைப் பொந்தில் முட்டையிட்டு, குஞ்சுகள் இப்போது அரை அங்குலம். ஐந்தாறு அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும், பாசியும் உண்மையாகவே தின்னும், டேங்க் கிளீனர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் மீன். காசு வேண்டாம். தொட்டியின் நீள அகலத்தையும், உள்ளே ஏற்கெனவே இருக்கிற மீன்களின் படத்தையும் அனுப்புங்கள். ‘ஹாய் ப்ரோ, இருக்கா’ என்று மட்டும் வருகிறவர்களுக்குப் பதில் கிடையாது.