டர்பனில் இருந்துகொண்டு டர்பன் இசையைக் கேட்காமல் இருக்கலாமா?

நம் ஒலிப்பிரியர் வட்டத்தில் யாரையாவது "இப்போது என்ன கேட்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஆம்ப்ளிஃபையர் பெயர் வரும். அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் கேபிள். ஆல்பம் கடைசியில்தான் வரும். அதுவும் கடைக்காரர்கள் ஸ்பீக்கர் விற்பதற்காகப் போட்டுக் காட்டும் அதே பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகள். நல்ல தட்டுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இவ்வளவு நல்ல செட்டுகளை வைத்துக்கொண்டு, இந்தத் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இசையை ஒருவர்கூடப் பரிந்துரைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

இந்த மாதம் என் டர்ன்டேபிளை விட்டு இறங்காத தட்டு ஜாஸ் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் 'மானன்பர்க்'. 1974 ஜூனில் கேப் டவுனில் பதிவு செய்தது. டாலர் பிராண்ட் என்ற அவருடைய பழைய பெயரைச் சொன்னால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். பக்கத்துக்கு ஒரே ஒரு உருப்படி. முதல் பக்கம் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும். ஸ்டூடியோவில் இருந்த அப்ரைட் பியானோவின் சுத்தியல்களில் போர்டு பின்களைக் குத்தி வைத்து வாசித்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு சுரத்தின் நுனியிலும் ஒரு உலோகக் கிணுகிணுப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்) கொஞ்சம் காரமாக இருந்தால் அது காதைக் குத்தும். செட் சரியாக அமைந்திருந்தால் கிணுகிணுப்பு தனியாகவும், அதற்கு அடியில் மரப்பெட்டியின் அதிர்வு தனியாகவும் கேட்கும். அதற்கு மேலே பேசில் கோட்சியின் டெனர் சாக்ஸ். அவசரமே இல்லாமல், மூச்சோடு சேர்ந்து, தெருவில் நின்று பேசுகிற மாதிரி வருகிறது. இந்த ஒரு வாசிப்புக்காகவே பிற்காலத்தில் அவர் பெயரோடு 'மானன்பர்க்' ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கரைச் சோதிக்க வேண்டும் என்றால் இதைப் போட்டுச் சோதியுங்கள்.

இதை வெளியிட்டவர் ரஷீத் வாலி. ஜோகன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற ரெக்கார்டு கடையை நடத்தியவர், நம்மைப் போலவே இந்திய வம்சாவளி. அஷ்-ஷம்ஸ் என்பது அவருடைய லேபிள். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் ஒரு கடைக்காரர் தன் சொந்த முயற்சியில் கொண்டுவந்த தட்டு, பிறகு நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தின் கீதமாகவே ஆகிவிட்டது.

மானன்பர்க் என்பது கேப் டவுனுக்கு வெளியே ஒரு குடியிருப்பு. நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் போன்ற இடங்களிலிருந்து நிறவெறி அரசால் அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். சாட்ஸ்வர்த்தின் கதையும் இதுதானே? இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் அறுபதுகளில் கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம் ஆட்களைப் பெயர்த்து எடுத்துக் குன்றுகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தது. எங்கள் பக்கத்துத் தெருத் தாத்தா ஒருவர் மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய அப்பா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் இந்தத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போட்டேன். முழுப் பக்கமும் அசையாமல் கேட்டார். ஊசி தூக்கியதும், "திருப்பிப் போடாதே தம்பி, இதையே இன்னொரு தரம் போடு" என்றார். இரண்டாவது தடவை ஓடும்போதுதான் மானன்பர்க் எந்த மாதிரி ஊர் என்று சொன்னேன். "அதான் பார்த்தேன்" என்றார்.

'ஜாஸ் நமக்குச் சம்பந்தமில்லாதது, நமக்குக் கர்நாடக இசையும் சினிமாப் பாட்டும்தான்' என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1950களில் டர்பன் விக்டோரியா தெருவில் குட்வில் லவுஞ்சை நடத்தி, அங்கே ஜாஸ் கலைஞர்களுக்கு மேடை கொடுத்தவர் பம்பி நாயுடு. அந்தக் காலத்தில் பாடகராகப் பெயர் வாங்கிய சன்னி பிள்ளை நம் டர்பன்காரர். புகழ்பெற்ற தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா 1959இல் மணந்து சிறிது காலம் சேர்ந்து வாழ்ந்தது அவரோடுதான். நாயுடுவும் பிள்ளையும் இருந்த இடத்தில் நாம் எப்படி அந்நியர் ஆவோம்?

அடுத்தது, என் மனதுக்கு எல்லாவற்றையும் விட நெருக்கமானவர்: பெக்கி ம்செலேகு. 1955இல் டர்பனில் பிறந்தவர். சின்ன வயதில் நடந்த விபத்தில் வலது கையின் இரண்டு விரல்களில் மேல்கணுவை இழந்தவர். யாரிடமும் முறையாகப் படிக்காமல் தானே பியானோ கற்றவர். லண்டனுக்குப் போய், அங்கே செய்த முதல் ஆல்பமான 'செலிப்ரேஷன்' 1992இல் பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1994இல் வந்த 'டைம்லெஸ்னெஸ்' ஆல்பத்தில் அமெரிக்க ஜாஸ் உலகின் பெரிய பெயர்களான ஜோ ஹென்டர்சனும் ஃபேரோ சாண்டர்ஸும் ஆபி லிங்கனும் இவரோடு சேர்ந்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர் ஒருவரின் ஆல்பத்துக்கு இவர்கள் எல்லாம் வந்து வாசித்துப் பாடியிருக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2008இல் காலமானார்.

அவரிடம் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் 'பியாண்ட் த ஸ்டார்ஸ்'. 2003இல் தனியாகப் பியானோ மட்டும் வாசித்துப் பதிவு செய்தது. அவர் போன பிறகு, 2021இல்தான் வெளிவந்தது. இடது கையில் ஒரு சின்னச் சுழற்சி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். வலது கை அதன்மேல் ஏறிப் போய், தேவாலயப் பாட்டின் சாயலில் ஒரு இடத்தில் தங்கும். ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த நடை புதிதே அல்ல. ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அவசரப்படாமல் அடுத்ததைத் தொடுவது நமக்குப் பழகிய சுகம்தானே? ராத்திரி, ஃபேனை நிறுத்திவிட்டு, கம்மியான வால்யூமில் கேளுங்கள். சுரம் அடங்கி மறைகிற இடங்களில்தான் இந்தப் பதிவின் அழகு இருக்கிறது. ஹெட்போன் நல்லதாக இருந்தால் இன்னும் விசேஷம்.

பெக்கியின் வழியில் வந்த பியானோ கலைஞர் இந்துதுசோ மகாதினி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து ஆள், டர்பனில் படித்தவர், அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் லேபிளான ப்ளூ நோட் ஒப்பந்தம் செய்த முதல் தென்னாப்பிரிக்கர். 2020, 2022, 2024 என்று மூன்று ஆல்பங்கள் அந்த லேபிளில் வந்திருக்கின்றன. பெரிய குழு பிடிக்கும் என்றால் முதலாவதை எடுங்கள். எனக்கு 2024இல் வந்த 'உநோம்குபுல்வானே' மேலும் பிடிக்கிறது. மூன்றே பேர் என்பதால் டிரம்ஸ் தோலின் இழுவைகூடத் தெளிவாகக் கேட்கும். ஸ்ட்ரீமிங்கில் கேட்டது போதாது என்று தோன்றினால், குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு காலேஜ் வளாகத்தில் இருக்கும் ஜாஸ் மையம் பக்கம் போங்கள். பல்லாண்டுகளாகப் புதன்கிழமை மாலைக் கச்சேரிகளுக்குப் பெயர்போன இடம் அது. நேரில் ஒரு டபுள் பேஸைப் பத்தடி தூரத்தில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், உங்கள் சப்ஊஃபரை (அடித்தொனி ஸ்பீக்கரை) எவ்வளவு குறைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சரி, தமிழ்ப் பக்கமும் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986இல் வந்தது, வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே கேட்கலாம். 'சக்தி' குழுவின் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யில் விக்கு விநாயக்ராமின் கடம்: பானையின் வாயில் எழும் ஆழமான நாதமும் பக்கத்தில் விரல் படும் சிறு ஒலியும் வேறுவேறாகக் கேட்டால் உங்கள் செட் தேறிவிட்டது. அந்தக் குழுவில் தபலா வாசித்த சாகிர் உசேன் போனதிலிருந்து இதை அடிக்கடி எடுக்கிறேன். அப்புறம் 'எ மீட்டிங் பை த ரிவர்', 1993. அமெரிக்க கிடார் கலைஞர் ரை கூடரும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஒரு சிறு தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்தது. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர். இரண்டு மைக்கை வைத்து வால்வு கருவிகளில் பிடித்த அந்த ஒலியை உலகமே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான்.

பரிந்துரை செய்யும்போது ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் சொல்லுங்கள் என்று நம் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது பெயர்களை வரிசையாகப் போட்டால் யாரும் ஒன்றையும் கேட்பதில்லை. எந்த இடத்தில் என்ன நடக்கிறது, எதற்காகக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் அன்று ராத்திரியே நாலு பேர் கேட்பார்கள். முழு ஆல்பத்தையும் அதன் வரிசையிலேயே கேளுங்கள். ஷஃபிளில் போட்டால் கலைஞர் யோசித்து வைத்த ஒழுங்கு போய்விடும்.

நம் ஊர்க் கடற்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அட்டை உறைக்குள் பூஞ்சை பிடிக்கிறது. தட்டின் மேல் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். எல்பி (33 வேக வினைல் தட்டு) என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதிய பாலித்தீன் உள்ளுறையில் போடுங்கள். பழைய காகித உறையைத் திரும்பப் போட்டால் பூஞ்சை மறுபடியும் வரும்.

ஆனால் தாத்தா பாட்டி காலத்துப் பெட்டிகளில் கிடக்கும் 78 வேகத் தமிழ்த் தட்டுகளுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது. அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். எல்பி ஊசியாலும் ஓட்டாதீர்கள். அந்தப் பள்ளம் அகலமானது, அதற்கென்று பெரிய ஊசி இருக்கிறது. என்னிடம் அந்த ஊசியும் அதற்கு ஏற்ற டர்ன்டேபிளும் இருக்கின்றன. வீட்டில் அப்படிப்பட்ட தட்டுகள் இருந்தால் துடைக்காமல், செங்குத்தாக நிறுத்தி எடுத்து வாருங்கள். பணம் ஒன்றும் வேண்டாம். ஓட்டிப் பதிவு செய்து, தட்டையும் பதிவு செய்த ஃபைலையும் சேர்த்துத் திருப்பித் தருகிறேன். தூக்கிக்கொண்டு வர முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள், சனிக்கிழமைகளில் நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.