ஒரே ரத்த வகை என்றால் குழந்தைக்கு ஆபத்தா?

"கணவன், மனைவி இருவருக்கும் ஒரே ரத்த வகை என்றால் குழந்தை குறையோடு பிறக்கும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. இருவருமே ஓ பாசிட்டிவ் என்றால் அதனால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. நம் ஊரில் பலருக்கும் இருப்பது அந்த வகைதானே!

கவனிக்க வேண்டியது வேறு: மனைவி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். குழந்தை பாசிட்டிவாக இருந்தால், தாயின் உடல் அந்த ரத்த அணுக்களை எதிர்க்கத் தொடங்கலாம். பாதிப்பு பெரும்பாலும் அடுத்த குழந்தைக்குத்தான். அதையும் தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கிறது. வழக்கமாக 28ஆவது வாரத்தில் ஒன்று, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சம்பந்தத்தை முறிக்க இதில் ஒன்றுமில்லை.

உண்மையில் இருவரும் டாக்டரிடம் சொல்ல வேண்டியது குடும்ப நோய்கள், சொந்தத்தில் நடந்த திருமணங்கள், சாப்பிடும் மாத்திரைகள். குறிப்பாக வலிப்பு மாத்திரை; அப்புறம் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். இருவருமே அதன் மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ரத்தப் பரிசோதனையில் முன்பே தெரிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவில் கேட்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.