செகண்ட் சர்வைப் பாருங்கள், பயம் எங்கே இருக்கிறது என்று தெரியும்

டென்னிஸில் ஒரு வீரர் மேட்ச் பாயின்ட்டை, அதாவது வென்றால் மேட்ச்சே முடியும் பாயின்ட்டைக் கோட்டைவிட்டால் போதும், “மனதைரியம் பத்தாது” என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 1993 விம்பிள்டன் இறுதியில் யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 என முன்னிலை. தன் சர்வில் 40-30. ஒரு பாயின்ட் எடுத்தால் 5-1. அங்கே டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வும் தவறி பாயின்ட் போனது. அதற்குப் பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை, ஸ்டெஃபி கிராஃப் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்துக் கோப்பையைத் தூக்கினார். அன்றிலிருந்து நோவோட்னா என்றாலே “பயந்தவர்” என்ற முத்திரை. அதே நோவோட்னா 1998ல் அதே விம்பிள்டனை வென்றார் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

என்னைக் கேட்டால், இந்த “மனசு” பேச்சால் யாருடைய ஆட்டமும் முன்னேறியதில்லை. பயம் எல்லாருக்கும் வரும். அது கையில், காலில், நேரத்தில் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால்தான் சரிசெய்ய வழி பிறக்கும்.

முதலில், டென்னிஸில் எல்லா பாயின்ட்டும் ஒரே எடை கிடையாது. சர்வ் போடுபவர் தன் சர்வில் 60 சதவீத பாயின்ட்களை வெல்பவர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 40-0ல் அடுத்த பாயின்ட் போனாலும் கேமை வெல்லும் வாய்ப்பு 95 சதவீதம். ஆக, அந்தப் பாயின்ட்டின் மதிப்பே 5 சதவீதம்தான். 30-40ல்? வென்றால் டியூஸ் (40-40), வாய்ப்பு 69 சதவீதம். தோற்றால் பூஜ்யம். அதே சர்வ், பந்து விழ வேண்டிய அதே கட்டம், எடை மட்டும் பதினான்கு மடங்கு. உடம்புக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்கே தெரியும்.

அந்த எடை முதலில் இறங்குவது விரல்களில். ராக்கெட் பிடியின் இறுக்கத்தைப் பத்துக்கு இத்தனை என்று அளந்தால், சாதாரணமாக நாலில் இருப்பது ஏழு, எட்டுக்குப் போய்விடும். பிடி இறுகினால் மணிக்கட்டும் முன்கையும் சுழலாது. முன்கை சுழலாவிட்டால் ராக்கெட் தலையின் வேகம் செத்துவிடும். ஃபர்ஸ்ட் சர்வில் இதைச் சமாளித்துவிடலாம். செகண்ட் சர்வில் முடியாது, ஏனென்றால் அது உயிர் வாழ்வதே சுழற்சியில்தான். பந்து நெட்டுக்கு மேலே தாராளமாகப் போய், டாப்ஸ்பின்னால் (முன்னோக்கிய சுழற்சியால்) சட்டென்று கீழே வளைந்து கட்டத்துக்குள் விழ வேண்டும். “ஜாக்கிரதையாகப் போடுவோம்” என்று கையை மெதுவாக வீசினால் ஸ்பின் குறையும், பந்து வளையாது, கட்டத்தைத் தாண்டிப் போகும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை தாழ்த்திப் போட்டால் நெட்டில். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான் அங்கே மிகப் பெரிய ரிஸ்க்.

கூடவே டாஸும், அதாவது சர்வுக்காகப் பந்தை மேலே எறிவதும், கெடும். இறுகிய விரல்கள் பந்தைத் தாமதமாக விடும், பந்து தலைக்குப் பின்னால் போகும். முழங்கால் மடங்காது, பந்தைத் தொடும் உயரம் குறையும். உயரம் குறையக் குறைய, நெட்டுக்கு மேலே பந்து போய்க் கட்டத்துக்குள் விழுவதற்கான இடைவெளியும் சுருங்கும். 2020 யுஎஸ் ஓபன் இறுதியில் ஸ்வெரேவ் இரண்டு செட் முன்னிலை. ஐந்தாவது செட்டில் 5-3 என்று மேட்ச்சுக்கு சர்வ் போட்டார். முடியவில்லை, 6-6 ஆகி, செட்டைத் தீர்மானிக்கும் டை-பிரேக்குக்குப் போனது. ஃபர்ஸ்ட் சர்வ் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் மனிதர், அங்கே செகண்ட் சர்வை 110 கிலோமீட்டரைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கோப்பை டொமினிக் தீமுக்குப் போனது.

ரேலியில், அதாவது இருவரும் பந்தை மாறி மாறி அடிக்கும்போது, கெடுவது கால்தான். பந்துக்கு முன் எடுக்கும் அந்தச் சின்னச் சின்னக் காலடிகள் நின்றுவிடும், பந்து உடம்போடு ஒட்டி வந்துவிடும், கையை மட்டும் வைத்து அடிப்பார்கள். இன்னொரு அறிகுறி அவசரம். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று டவுன் தி லைன், அதாவது ஓரக் கோட்டை ஒட்டி நேராக, அடிப்பது. நெட் நடுவில் 91 சென்டிமீட்டர், ஓரக் கம்பத்தில் 107. கிராஸ் கோர்ட், அதாவது குறுக்காக, அடித்தால் பந்து தாழ்ந்த பகுதிக்கு மேலே போவதோடு, மூலைவிட்டத்தில் கோர்ட் ஏறக்குறைய 1.4 மீட்டர் நீளமாகவும் கிடைக்கிறது. கை நடுங்கும் நேரத்தில் இதையெல்லாம் விட்டுவிட்டு உயரமான நெட்டையும் குறைந்த நீளத்தையும் தேர்ந்தெடுப்பதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்கிறார்கள்!

தோற்றதெல்லாம் பதற்றம் என்று சொல்லிவிடவும் கூடாது. 2019 விம்பிள்டன் இறுதி. ஐந்தாவது செட், 8-7, ஃபெடரர் சர்வ், 40-15. முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட்டில் அவர் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. அதைப் பதற்றம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். இரண்டாவதில் அவர் நெட்டுக்கு ஏறி வந்தார், ஜோகோவிச் கிராஸ் கோர்ட்டில் அவரைத் தாண்டிப் போகும் பாஸிங் ஷாட் அடித்தார். இதில் ஃபெடரர் பயந்தது எங்கே? எதிராளியும் ஆட வந்தவர்தானே. அந்த மேட்ச்சில் மொத்தப் பாயின்ட் ஃபெடரருக்கு 218, ஜோகோவிச்சுக்கு 204. மூன்று டை-பிரேக்கும் ஜோகோவிச்சுக்கு, கோப்பையும் அவருக்கே.

எதிராளியின் நெருக்கடியைக் கூட்டவும் வழி உண்டு. 1989 பிரெஞ்சு ஓபனில் மேட்ச் பாயின்ட்டில் எதிராளி இவான் லெண்டில் செகண்ட் சர்வ் போடத் தயாரானபோது, 17 வயது மைக்கேல் சாங் சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். டபுள் ஃபால்ட். பந்தைத் தொடாமலே மேட்ச்சை முடித்தார்.

சரி, தீர்வு? “ரிலாக்ஸ், ரிலாக்ஸ்” என்று ஓரத்தில் இருந்து கத்துவதால் பயனில்லை. படி இறங்கும்போது எந்தக் கால் எங்கே என்று யோசித்தால் தடுக்குவதுபோல, “முழங்கையை உயர்த்து” மாதிரி நுட்பம் சொல்வது இன்னும் மோசம். பழகிய அசைவை அந்த நேரத்தில் துண்டு துண்டாகக் கவனித்தால் அது உடையும். கவனத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

இரண்டு பாயின்ட்களுக்கு நடுவே 25 நொடி கிடைக்கிறது. பாயின்ட் முடிந்ததும் நெட்டுக்கு முதுகு காட்டி, ராக்கெட்டை மறு கைக்கு மாற்றி, ஆடும் கையை உதறி, நீளமாக ஒரு மூச்சை வெளியே விட வேண்டும். பிறகு ஒரே முடிவு: சர்வ் எந்த மூலைக்கு, அது திரும்பி வந்தால் முதல் பந்து எந்தப் பக்கம். கோட்டுக்கு வந்த பிறகு முடிவை மாற்றக் கூடாது. டாஸுக்காகக் கை மேலே போகும்போது மனம் மாறுவதுதான் பாதி டபுள் ஃபால்ட்டுக்குக் காரணம் என்பது என் கட்சி. பந்தை எப்போதும் அதே எண்ணிக்கையில் தட்டி, அடிக்கும் நொடியில் மூச்சை விட வேண்டும். பாதுகாப்பு வேண்டுமென்றால் இலக்கைக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளுங்கள், கை வேகத்தைத் தொடாதீர்கள். ரிட்டர்ன் போடுபவர் என்றால் நடுக் கோர்ட்டில் ஆழமாகப் போட்டாலே போதும், எதிராளிக்குக் கோணம் கிடைக்காது.

பெலாரஸ் வீராங்கனை சபலென்காவைப் பாருங்கள். 2022ல் டபுள் ஃபால்ட்டால் அவர் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. எல்லாரும் மனசுதான் என்றார்கள். அவரோ பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவு) நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து சர்வின் அசைவையே மாற்றியமைத்தார். 2023 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட்டில் மறுபடி டபுள் ஃபால்ட் போட்டார். இருந்தும் கோப்பை அவருக்குத்தான். பயம் போகவில்லை, அதைத் தாங்கும் சர்வ் வந்துவிட்டது.

பயிற்சியில்தான் பெரிய ஓட்டை. கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு வரிசையாக 50 சர்வ் போட்டால் முந்தின பந்தைப் பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். மேட்ச்சில் அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கேமையும் 30-40ல் தொடங்கி, ஒரே ஒரு சர்வ் மட்டும் அனுமதித்து, பத்து கேம் ஆடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் 20 நொடி ஓரத்துக்கு ஓரம் ஓட்டம், மூச்சு வாங்கும்போதே சர்வ். தவறியவை நெட்டில் விழுந்தனவா, நீளமாகப் போயினவா என்று யாராவது குறித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் நெட் என்றால் முதலில் டாஸ் உயரத்தையும் முழங்காலையும் பாருங்கள். பெரும்பாலும் நீளம் என்றால் கை வேகத்தையும் பிடியையும்.