ஓரம் கொஞ்சம் மங்கலாம்

போன சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் இருந்தோம். நாலு பேருமே கமராப் பைத்தியங்கள். அன்று விடியற்காலை வாவியில் எடுத்த படம் ஒன்றை நண்பர் போனில் காட்டினார். தோணியில் நின்றபடி ஒரு வயதானவர் வீச்சுவலை எறிகிறார். வலை முழு வட்டமாக விரிந்து தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. மனிதருடைய வாய் அரைவாசி திறந்திருக்கிறது. பல்லால் கடித்துப் பிடித்திருந்த வலையை விட்ட கணம் அது. இப்படி ஒரு படம் எனக்கு ஆயுளில் ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நண்பர் இரண்டு விரலால் படத்தை விரித்து மேல் இடப்பக்க மூலைக்குப் போய்விட்டார்.

“இந்தத் தென்னோலையைப் பாருங்க. ஓரத்தில கத்தரிப்பூக் கலர்ல ஒரு கோடு ஓடுது, தெரியுதா? லென்ஸ் சரியில்ல.”

நாலு பேரும் தென்னோலையைப் பார்த்தோம். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் அந்தக் கோடு எதனால் வருகிறது, எந்த லென்ஸில் குறைவு, எந்த எஃப் எண்ணில் (லென்ஸின் துளை எவ்வளவு திறக்கிறது என்ற கணக்கு; எண் கூடினால் துளை சின்னது) மறையும் என்று முக்கால் மணித்தியாலம் போனது. தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாகிவிட்டது. வலை எறிந்த மனிதரிடம் யாருமே திரும்பிப் போகவில்லை. நானும்தான்.

இத்தனைக்கும் அந்தக் கோடு ஒரு விஷயமே இல்லை. லென்ஸுக்குள் போகும் ஒளி நிறத்துக்கு நிறம் கொஞ்சம் தள்ளிக் குவிகிறது. வெளிச்சமான வானத்துக்கு முன்னால் இருட்டாக ஓர் ஓலையோ கம்பியோ வந்தால் விளிம்பில் அது தெரியும். கணினியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டால் பெரும்பாலும் போய்விடும். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் முக்கால் மணித்தியாலம் பேசினோம்.

நண்பரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சில வருடங்களுக்கு முன் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். முதல் கிழமை முழுக்க என்ன செய்தேன் தெரியுமா? பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, முக்காலியில் கமராவைப் பூட்டி, எஃப் 1.8 இல் ஒன்று, 2.8 இல் ஒன்று, 4 இல் ஒன்று என்று எடுத்துத் தள்ளினேன். பிறகு மேசையில் அடிமட்டத்தைச் சரிவாக வைத்து, நான் குறிவைத்த கோட்டில்தான் கூர்மை விழுகிறதா, ஒரு மில்லிமீற்றர் பின்னால் விழுகிறதா என்று பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன மனே, ஊரில படம் புடிக்க ஒரு சாமானும் இல்லையா? பழைய பேப்பரைப் புடிக்கிறாய்.”

சுவரில் ஒட்டியது மரண அறிவித்தல் பக்கம். இப்போதும் அது எனக்கு மனப்பாடம். எஃப் 1.8 இல் அமரரின் பெயர் ஓரத்தில் மங்கல். எஃப் 4 இல் மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரை தெளிவு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள்: படமெடுக்கத் தெரியாதவன்தான் கருவியில் பிழை பிடிப்பான் என்று. எனக்கு அது ஒத்துவரவில்லை. அந்த வலைப் படத்தை எடுத்தவர் எங்களில் நன்றாக ஆடத் தெரிந்தவர். அவர்தான் கூடம் கோணல் என்று அதிகம் சொல்பவரும்.

காசு ஒரு காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதமளவில் 360 வரை போனது. அதற்குப் பிறகு ஒரு நல்ல லென்ஸ் வாங்குவதென்றால் சீட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மனைவியின் காப்பைப் பார்க்க வேண்டும். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் மீள எடுக்கப்படமாட்டாது’ என்று இருக்கும். பழுது பார்ப்பதென்றால் கொழும்புக்குப் போக வேண்டும், 300 கிலோமீற்றருக்கு மேல். இந்த நிலையில் வாங்கிய முதல் கிழமை மனுசன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் என்ன செய்வான்? மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார். அது புத்திசாலித்தனம். ஆனால் கொண்டுவந்து தன் வளவில் கட்டிய பிறகும் தினமும் விடிய எழும்பிச் சுழி பார்க்கிறவரை என்ன சொல்வது? பால் கறக்க வேண்டாமா?

அடுத்தது, படத்தில் நம் சொல் கேட்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மேகம் கேட்காது. கொக்கு கேட்கவே கேட்காது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் குளத்தடியில் போய் நின்றால், தள்ளுகிற சனத்தில் எங்கே நிற்பது என்பதே நம் கையில் இல்லை. மிச்சம் இருப்பது காசு கொடுத்து வாங்கிய அந்தக் கறுப்புப் பெட்டி. அதுவாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற ஆத்திரம். எனக்கு அது விளங்குகிறது.

ஆனால் இந்த இரண்டையும்விட ஆழமாக ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். நமக்குப் படத்தைப் பற்றிப் பேச வராது. வெட்கம். எங்கள் வட்டத்தில் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இன்னொருவரிடம் “உங்கட இந்தப் படம் எனக்குச் சும்மா இருக்கு” என்று சொன்னதில்லை. சொன்னால் உறவு முறியும். “கோர்னர் கொஞ்சம் சொஃப்ட் போல” என்று சொல்லலாம். அது லென்ஸின் பிழை, ஆளின் பிழை இல்லை. இருவரும் சேர்ந்து கம்பனியைத் திட்டிவிட்டு எழும்பிப் போகலாம். பாராட்டும் அப்படியே. “செம ஷார்ப்” என்போம். அந்த வயதானவரின் திறந்த வாயைப் பார்த்து எனக்கு நெஞ்சுக்குள் என்னமோ செய்தது என்று தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஓலையைப் பற்றி எவ்வளவும் பேச வந்தது.

நண்பர் பக்கத்தில் இருந்தும் யோசித்துப் பார்த்தேன். தன் ஆகச்சிறந்த படத்தைக் காட்டிய கையோடு அதிலுள்ள பிழையைத் தானே ஏன் காட்டினார்? வீட்டில் பிள்ளை அழகாக இருந்தால் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தானே வெளியே தூக்கிப் போகிறோம். கண்ணூறு பட்டுவிடும் என்று. அந்தக் கத்தரிப்பூக் கோடு அவர் வைத்த பொட்டு. நாங்கள் மூன்று பேரும் பிள்ளையை விட்டுவிட்டுப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதை வாசித்துவிட்டு, அப்படியென்றால் கமராவில் பிழையே கிடையாதா என்று சண்டைக்கு வருவீர்கள். இருக்கிறது. 2012 செப்டெம்பரில் வந்த நிக்கோன் டி600 கமராவில், படம் விழுகிற சில்லான சென்சர் மேல் எண்ணெய்ப் பொட்டும் தூசியும் விழுந்துகொண்டே இருந்தன. துடைத்தால் திரும்ப வரும். வாங்கியவர்கள் ஒரு மூச்சாய்ச் சத்தம் போட்டார்கள். அடுத்த ஒக்ரோபரில் டி610 வந்தது, 2014 இல் பழைய கமராக்களுக்கு ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பனி சொன்னது. பிழை தேடுகிறவர்கள் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. 2006 இல் லைக்கா எம்8 வந்தபோது சில கறுப்புத் துணிகள் படத்தில் கத்தரிப்பூ நிறமாக விழுந்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சென்சர் தாராளமாக உள்ளே விட்டதுதான் காரணம். லென்ஸுக்கு முன்னால் மாட்ட வடிகட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட் கத்தரிப்பூவாக விழுந்தால் கல்யாண வீட்டாருக்கு யார் பதில் சொல்வது? அதெல்லாம் நியாயமான சண்டை.

ஆனால் அதே 2012 இல் இன்னொன்றும் நடந்தது. கனன் 5டி மார்க் 3 கமராவின் தலையிலுள்ள சின்னத் திரையின் விளக்கைப் போட்டால் வெளிச்சம் உள்ளே கசிந்து ஒளி அளவைக் கொஞ்சம் மாற்றுகிறதாம். எப்போது? கும்மிருட்டில். அதை நிரூபிக்க லென்ஸ் மூடியை மாட்டிவிட்டு விளக்கை அழுத்திப் பார்த்தார்கள் உலகமெங்கும். மூடியைப் போட்டுக்கொண்டு என்ன படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்கக் கூடாது. கம்பனியும் அதை ஒத்துக்கொண்டு திருத்திக் கொடுத்தது. எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். அப்போது அந்தக் கமரா என்னிடம் இருந்திருந்தால் நானும் மூடியைப் போட்டு அழுத்தியிருப்பேன், அது வேறு கதை.

கணினியில் 100 வீதத்துக்கு, படத்தின் ஒரு புள்ளிக்கு (பிக்ஸல்) திரையில் ஒரு புள்ளி என்று, பெரிதாக்கிப் பார்க்கிறோமே, அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 24 மெகாபிக்ஸல் படம் 6000 பிக்ஸல் அகலம். சாதாரண 24 அங்குலத் திரையில் 1920 பிக்ஸல்தான் அடங்கும். ஆகவே 100 வீதத்தில் நாம் பார்ப்பது 5 அடிக்கு மேல் அகலமான ஒரு படத்தின் துண்டை, ஒரு முழ தூரத்தில் இருந்துகொண்டு. கோயில் திருவிழாப் பதாதையில் மூக்கை முட்டிக்கொண்டு பார்க்கிற மாதிரி. பார்த்து, பெருமூச்சு விட்டு, அந்தப் படத்தை முகநூலில் போடுகிறோம். முகநூல் அதை 2048 பிக்ஸலுக்குச் சுருக்கிவிடுகிறது. ஒன்பதில் எட்டுப் பங்கு அங்கேயே போய்விடுகிறது. நாம் அழுத மூலை அந்த எட்டுப் பங்குக்குள்தான் இருந்தது.

கமரா வரலாற்றில் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன். பெயரிலேயே கமரா! 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராதான் அவருடைய முதல் கமரா. படங்களில் கூர்மை இல்லை, கண்ணாடித் தகட்டில் கீறலும் கறையும் கிடக்கின்றன என்று அந்தக் காலத்துப் படப்பிடிப்புச் சங்கக்காரர்கள் கழுவி ஊற்றினார்கள். அவரோ கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் கூர்மைக்காகத் திருகமாட்டேன் என்று எழுதினார். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடங்கியிருக்கிறார். அவருடைய படங்களை இன்று பெரிய அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றன. கறை சொன்ன சங்கக்காரர்கள் எடுத்த கறையில்லாத படங்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது.

சரி, ஒரு கிழமை சோதித்த என் 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்னவானது என்று சொல்லவில்லையே. மரண அறிவித்தலில் பாஸ் ஆகிவிட்டது. அந்த வருட மாரியில் பையோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டு இரண்டு மாதம் மறந்துவிட்டேன். தைப்பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சணம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வாழ்கிற நமக்கு உண்மையான எதிரி இதுதான். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40, 50 வீதத்தில் வைத்தால் போதும். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அதில் பேச என்ன இருக்கிறது? ஓர மங்கலைப் பற்றி இரவிரவாக வாசித்த நான், 500 ரூபா பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கவில்லை.

இந்தப் பதிவோடு போட ஒரு படம் வேண்டும் என்று இன்று விடிய பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போய் மூன்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. சென்சரில் தூசி. வயிறு கலங்கியது. தூசி என்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அடுத்ததைத் திறந்தேன், புள்ளி வலப்பக்கம் நகர்ந்திருந்தது. மூன்றாவதில் இன்னும் தள்ளி. 100 வீதத்துக்குப் பெரிதாக்கினேன்.

காகம்தான். ஆனால் சிறகு ஓரம் கொஞ்சம் மங்கல்.