மலிவு விலை சார்டொனே ஒயினில் வெண்ணெயும் எசன்ஸும் கலக்கப்படுகின்றனவா?

ஆஸ்திரேலியாவின் மலிவு விலை சார்டொனே எனும் வெள்ளை ஒயின், திராட்சையிலிருந்து தயாராவதில்லை, தண்ணீரும் சர்க்கரையும் வெண்ணெயும் ஓக் எசன்ஸும் கலந்த திரவமே அது, லேபிளில் 'பால்' என்று இருப்பதே சாட்சி என ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. இது தவறு.

ரிவர்லேண்ட், மர்ரே டார்லிங், ரிவரினா போன்ற வெப்பமான உள்நாட்டுப் பகுதிகளில், பாசன நீரில் அதிக விளைச்சல் தரும் தோட்டங்களில் இயந்திரம் கொண்டு பறிக்கப்படும் திராட்சையே இதன் மூலப்பொருள். விலை குறைவதும் இதனால்தான். பிழிந்த சாறு பெரிய எஃகுத் தொட்டிகளில் குளிர்நிலையில் நொதிக்கிறது. மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் டைஅசிட்டைல் என்ற சேர்மமே வெண்ணெய் மணத்துக்குக் காரணம். ஓக் மணத்துக்கு, விலை உயர்ந்த பீப்பாய்களுக்குப் பதிலாக ஓக் மரச் சில்லுகளையோ பலகைகளையோ ஒயினில் ஊறவைப்பதுண்டு. இது சிக்கனம், கலப்படம் அன்று.

லேபிளில் பால் குறிப்பிடப்படுவது, ஒயினைத் தெளியவைக்கக் கேசின் என்ற பால் புரதம் பயன்படுத்தப்பட்டிருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களை எச்சரிப்பதற்காகவே.

தண்ணீர் பற்றிய பேச்சில் மட்டும் சிறிது உண்மை உண்டு: சர்க்கரை மிகுந்த சாறு நொதிக்கத் திணறுவதைத் தவிர்க்க, அதன் சர்க்கரைச் செறிவு 13.5 போமே (சர்க்கரைச் செறிவை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே இறங்காதபடி நீர் சேர்க்க 2017 முதல் அனுமதி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், உணவோடு அருந்தும் சாதாரண மேசை ஒயினில் கரும்புச் சர்க்கரை சேர்க்க அனுமதி இல்லை. சார்டொனே என்று மட்டும் பெயரிடப்பட்ட புட்டியில் குறைந்தது 85 சதவீதம் சார்டொனே இனத் திராட்சையே இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா நியூசிலாந்து உணவுத் தர விதித்தொகுப்பின் 4.5.1ஆம் விதியிலும் ஒயின் ஆஸ்திரேலியா அமைப்பின் லேபிள் விதிகளிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.