பாஸ்போர்ட்டை மாற்றினால் வரிசை மாறாது
கனடா குடியுரிமை வாங்கிவிட்டால் அமெரிக்க கிரீன் கார்டுக்கு (அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இந்தியர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று நான் படித்த கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது தவறு. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு சுமார் 1,40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பில் அமெரிக்க அரசு பார்ப்பது பிறந்த நாட்டை, பாஸ்போர்ட்டை அல்ல. திருநெல்வேலியில் பிறந்தவர் எந்த நாட்டுக் குடிமகன் ஆனாலும் இந்திய வரிசைதான். ஆனால் கட்டுரை சொல்லாத ஒரு வழி உண்டு. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் சேர்ந்து குடியேறும்போது அந்த நாட்டின் கணக்கில் போகலாம். என் மனைவி பிறந்தது குவைத்தில், மாமனார் அங்கே வேலை பார்த்த காலத்தில். மூன்று வருடம் இந்திய வரிசையில் காத்திருந்த பிறகு, பிறப்புச் சான்றிதழை வேறு எதற்கோ எடுத்தபோதுதான் உறைத்தது. எங்கள் வக்கீல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை (ஃபீஸ் மட்டும் சரியாகக் கேட்டார்). அப்புறம் ஒன்றரை வருடத்தில் கார்டு கையில். அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் சிங்கப்பூரில் பிறந்த மகளை வைத்து இதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். முடியாது, பெற்றோர் பிறந்த நாடு பிள்ளைக்கு உதவும், பிள்ளை பிறந்த நாடு பெற்றோருக்கு உதவாது.